வாசித்தவர் யார்?

நமது சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. 14 வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறிப் பழைய திரைப்படப் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தான். நல்ல சாரீரம், உச்சரிப்பும் சுத்தம். மேடையில் வாத்தியம் எதுவும் இல்லை. பாடகரின் குரலை நீக்கிவிட்டு வாத்திய இசையை மட்டும் வைத்திருக்கும் 'கரோக்கி' என்னும் பதிவு, ஒரு மூலையில் இருந்த மடிக்கணினியிலிருந்து ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் சரணம் தொடங்கும் வேளையில் கணினி நின்றுபோயிற்று. இசை நின்றவுடன் பையனும் நின்றுவிட்டான்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், பல ஆண்டுகள் மிருதங்கம் வாசித்தவர், எழுந்து மேடையருகே சென்றார். "பயப்படாதே தம்பி, நீ பாட்டுக்குப் பாடு, நான் தாளம் போடுகிறேன். உன் சுருதி என்ன?" என்று கேட்டார். பையன் விழித்தான். "தெரியாது, தாத்தா" என்றான். கணினி மீண்டும் உயிர் பெறுவதற்கு 7 நிமிடங்கள் ஆயின. அதுவரை அந்தச் சிறுவன் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்; சபையும் வாளாவிருந்தது. பின்னர் பாட்டு முதலிலிருந்து தொடங்கி இனிதே முடிந்தது, எல்லோரும் கைதட்டினோம்.

இவ்வாண்டு விழாவுக்கு வாத்தியக்காரர்களை அழைப்பதா, மறுபடியும் பதிவை வைத்தே நடத்திவிடுவதா என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. "கரோக்கிக்குச் செலவே இல்லை. வாத்தியக்காரர் வந்தால் சம்பளம், சாப்பாடு, வண்டிச் சத்தம், அதற்குமேல் ஒத்திகை வேறு. கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?" என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வேறொரு கேள்வி தோன்றிற்று. அந்தப் பதிவில் ஒலித்த வயலின்களையும் புல்லாங்குழலையும் வாசித்தவர்கள் யார்?

பாடலைப் பாடியவரை அறிவோம், எழுதியவரை அறிவோம், இசையமைத்தவரையும், அதற்கு வாயசைத்த நடிகரையும் நன்றாக அறிவோம். வாசித்தவரை மட்டும் அறியோம். ரயில் வண்டி ஓடுவதற்கு எத்தனையோ பேர் காரணமாக இருக்கின்றனர். பயணி முகம் அறிந்திருப்பதோ டிக்கெட் பரிசோதகர் ஒருவரைத்தான். திரையிசையும் ஏறக்குறைய அப்படியே நடந்து வந்திருக்கிறது.

நாம் பிழைக்க வந்து குடியேறிய இந்த மும்பையிலேயே அந்த வாத்தியக்காரர்கள் பலர் வாழ்ந்து மறைந்தனர். தார்தேவில் ஃபிலிம் சென்டர், பாந்த்ராவில் மெஹபூப் ஸ்டூடியோ என்று நாள்தோறும் நாம் கடந்து செல்லும் தெருக்களில்தான் அவர்கள் வயலின் பெட்டியுடன் நடந்து போனார்கள். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைச் சொல்வார். உதவியாளர் ஒருவர் அதை ஸ்வரப்படுத்திக் கொள்வார். பின்னர் முன்னிசைக்கு எத்தனை வயலின், சரணத்துக்கு முன் டிரம்பெட்டா, மாண்டலினா, குரலுக்கு அடியில் எந்த வாத்தியம் எவ்வளவு மெதுவாக ஒலிக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் மேனாட்டு இசைக்குறியில் தனித்தனித் தாள்களாக எழுதிக் கொடுப்பவர் 'அரேஞ்சர்' எனப்பட்டார். இந்த அரேஞ்சர்களிலும் வாத்தியக்காரர்களிலும் பெரும்பாலோர் கோவாவைச் சேர்ந்தவர்கள். போர்த்துகீசியர் ஆட்சியில் அங்கே கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய பள்ளிகளில் எழுத்துடன் இசைக்குறியும் கற்பிக்கப்பட்டதே அதற்குக் காரணம். சங்கர்-ஜெய்கிஷன் பாடல்களில் அலைபோல் எழும் வயலின் கூட்டத்தைக் கேட்டு மகிழாதவர் நம்மில் இல்லை. அதை எழுதிக் கொடுத்தவர் செபாஸ்தியான் டிசோஸா என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

குரலைத் தனியாகவும் வாத்தியங்களைத் தனியாகவும் பதிந்து பிற்பாடு ஒட்டும் வசதி பரவாத காலம் அது. பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைப்பார்கள். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவ்வளவு பேரும் பிசகாமல் வாசித்த அந்த மூன்றரை நிமிடங்களே இன்று நமது கைப்பேசியில் ஒலிக்கின்றன. சந்தூர் மேதை சிவகுமார் சர்மா கூட அந்தக் கூடங்களில் உட்கார்ந்து வாசித்தவரே. 1965-ஆம் ஆண்டு வந்த 'கைடு' படத்தில் லதா மங்கேஷ்கரின் பாடல் ஒன்றுக்குத் தபலா வாசித்தவர் அவர் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 1977-ஆம் ஆண்டு வெளிவந்த 'அமர் அக்பர் ஆண்டனி' படத்தைப் பார்த்தவர்களுக்கு, அமிதாப் பச்சன் பெரிய முட்டைக்குள்ளிருந்து வெளிப்பட்டுத் தம் பெயர் ஆண்டனி கொன்சால்வஸ் என்று சொல்லிக்கொண்டு ஆடிப்பாடும் காட்சி நினைவிருக்கும். வேடிக்கைக்காக வைத்த கற்பனைப் பெயர் என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது உண்மையில் வாழ்ந்த ஒரு வயலின் ஆசிரியரின் பெயர். 1927-இல் கோவாவில் மஜோர்தா என்னும் கிராமத்தில் பிறந்து, இளம் வயதில் அன்றைய பம்பாய்க்கு வந்து, நௌஷாதின் குழுவில் வயலின் வாசித்தவர் அவர். பின்னாளில் அரேஞ்சராகவும் உயர்ந்தார். பாந்த்ராவில் அவரிடம் வயலின் கற்ற மாணவர்களுள் ஒருவர் பியாரேலால். லட்சுமிகாந்த்-பியாரேலால் என்னும் இரட்டையரில் ஒருவராகப் புகழ்பெற்று அந்தப் படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. குருவின் பெயர் பாட்டில் ஏறிய கதை இதுதான்.

அந்த ஆசிரியரோ வெறும் சினிமா வாத்தியக்காரராக இருந்துவிட விரும்பியவரல்லர். நமது ராகங்களை மேனாட்டுப் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதி வாசிக்கச் செய்யவேண்டும் என்பது அவர் கனவு. 1958-இல் அத்தகைய குழு ஒன்றைத் திரட்டி, புனித சேவியர் கல்லூரியில் கச்சேரி நடத்தினார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் அதில் பாடினர். 1965-இல் அமெரிக்காவுக்குச் சென்றார். திரும்பி வந்தவர் திரையுலகில் மறுபடியும் ஈடுபடாமல், சொந்த ஊரான மஜோர்தாவில் அமைதியாக வாழ்ந்து 2012-இல் காலமானார். நாடு முழுவதும் குழந்தைகள் கூட அவர் பெயரைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் யார் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. இதைவிட விசித்திரமான புகழ் வேறு யாருக்கேனும் வாய்த்திருக்குமா?

சென்னையின் கதையும் நெடியதே. 1952-இல் சி. ஆர். சுப்பராமன் இளவயதிலேயே மறைந்தபோது, அவர் குறையாக விட்ட படங்களை முடித்துக் கொடுத்தவர்கள் அவர் குழுவில் இருந்த இருவர். ஆர்மோனியம் வாசித்தவர் எம். எஸ். விசுவநாதன், வயலின் வாசித்தவர் டி. கே. ராமமூர்த்தி. 1976-இல் 'அன்னக்கிளி'யின் மூலம் வந்த இளையராஜா, அதற்குமுன் கிதார் வாசித்துக்கொண்டும் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்துகொண்டும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசைக்குறி கற்றவர். அதே 1976-இல், ஆர். கே. சேகர் என்னும் இசைக்கலைஞர் மறைந்தார். சிறு வயதிலேயே குடும்பப் பாரத்தை ஏற்று, பிறருடைய பதிவுகளில் கீபோர்டு வாசித்துப் பிழைத்த அவர் மகனை 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது ஏ. ஆர். ரகுமான் என்று உலகம் அறிந்தது. இவர்கள் அனைவரும் முதலில் வாத்தியக்காரர்கள்; பிறகே இசையமைப்பாளர்கள். பிறர் பாட்டுக்கு ஆண்டுக்கணக்கில் வாசித்த பழக்கமே இவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டால் அடுத்தவர் எங்கிருந்து வருவார்?

இப்படிச் சொல்வதால் நாம் இயந்திரத்துக்குப் பகைவர் என்று அன்பர்கள் எண்ணவேண்டாம். 1954-இல் 'நாகின்' படத்தில் ஒலித்த மகுடி இசைக்கு நாடே மயங்கியது. அஃது உண்மையான மகுடியன்று! 'கிளாவியோலின்' என்னும் மின்சாரக் கருவியில் கல்யாண்ஜியும், உடன் ஆர்மோனியத்தில் ரவியும் வாசித்தது. இருவரும் பிற்காலத்தில் பெரிய இசையமைப்பாளர்கள் ஆனவர்கள். கருவி புதியதுதான், ஆனால் மகுடி எப்படி இழையும், எங்கே நெளியும் என்பதைக் காதில் வைத்திருந்த ஒருவரின் விரல்கள் அதில் ஓடின. இன்றும் ஒரு கிராமத்துப் பையன் ஒரு சிறு கீபோர்டையும் கணினியையும் வைத்துக்கொண்டு பாட்டு அமைக்க முடிகிறதென்றால் அதை நாம் வரவேற்கவே வேண்டும். முன்னாளில் ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கக்கூடியவருக்கே அந்தக் கதவு திறந்திருந்தது.

ஆனால் இன்றைய முறையில் ஒரு நுட்பம் உண்டு. கீபோர்டில் விரலை வைத்தால் வயலின் ஒலிக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? எங்கோ ஒரு வயலின் கலைஞர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக ஒன்று, அழுத்தமாக ஒன்று என்று பலவாறு வாசித்துப் பதிந்து கொடுத்த துணுக்குகளே அவை. அவர் ஒரு முறை வாசித்தார். பிறகு ஆயிரம் பாட்டுகளில் ஒலிக்கிறார். 1983-இல் ஒரு கம்பெனியின் கருவி இன்னொரு கம்பெனியின் கருவியுடன் பேசுவதற்கு 'மிடி' என்னும் பொதுமுறை வந்தபின் இது எளிதாயிற்று. 1990-களில் இங்கும் சென்னையிலும் வாத்தியக்காரர் பலருக்கு வேலை குறைந்துபோயிற்று. தனி ஸ்வரங்களைத் துணுக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி நம் இசையில் ஸ்வரத்தைவிட முக்கியம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவதே அதன் இயல்பு. அந்த அசைவை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது?

குரலுக்கும் இப்போது மருந்து வந்துவிட்டது. எண்ணெய்த் தேடலுக்காக நிலத்தடி ஒலியலைகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் என்னும் அமெரிக்கர், அந்தக் கணக்கையே குரலுக்குப் பயன்படுத்தி 1997-இல் 'ஆட்டோ-டியூன்' என்னும் கருவியை வெளியிட்டார். சுருதி விலகினால் அருகிலுள்ள ஸ்வரத்துக்கு அது இழுத்து நிறுத்திவிடும். மறு ஆண்டே ஷெர் என்னும் பாடகி அதன் இயந்திரத்தன்மையையே ஓர் அலங்காரமாக்கிப் பாடிப் பெரும் புகழ் பெற்றார். அளவோடு கையாண்டால் இதனால் கேடில்லை. கணக்கின்றிக் கையாளும்போது பிழையுடன் பிருகாவும் கமகமும் சேர்ந்தே நறுக்கப்படுகின்றன. எந்தப் பாடகரும் ஒரே பாடகர் போல ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேனாட்டில் ஒரு முறை விஷயம் முற்றிப்போயிற்று. 'மில்லி வனில்லி' என்ற பெயரில் இரண்டு இளைஞர்கள் ஆடிப்பாடிப் புகழ்பெற்று, 1990 பிப்ரவரியில் புதிய கலைஞருக்கான கிராமி விருதும் பெற்றனர். அந்த இசைத்தட்டில் இருந்தது அவர்கள் குரலே அன்று என்பது வெளிப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் விருது பறிக்கப்பட்டது. இதில் நமக்கு ஒரு சிரிப்பும் வருகிறது. பிறர் பாட நடிகர் வாயசைப்பது நம் நாட்டில் அன்றாட வழக்கம். யாரும் அதை மோசடி என்பதில்லை. பாடியவர் பெயரை நாம் அறிந்திருக்கிறோம் என்பதே காரணம்.

அந்தப் பெயரும் தானாக வரவில்லை. 1949-இல் 'மஹல்' படத்தின் இசைத்தட்டு வெளிவந்தபோது, பாடியவர் என்ற இடத்தில் 'காமினி' என்று கதாநாயகியின் கதைப்பெயரே அச்சாகியிருந்தது. பாட்டைக் கேட்ட மக்கள் விடவில்லை. பாடியது யார் என்று வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. நிலையத்தார் இசைத்தட்டுக் கம்பெனியைக் கேட்டறிந்து, லதா மங்கேஷ்கர் என்று அறிவித்தனர். கேட்டவர்கள் கேள்வி கேட்டார்கள். பாடியவருக்குப் பெயர் கிடைத்தது. வாசித்தவரைப் பற்றி அப்படி யாரும் கேட்கவில்லை. ரகுமானின் இசைத்தட்டு உறைகளில் புல்லாங்குழல் நவீன்குமார் என்பது போல வாத்தியக்காரர் பெயர்கள் அச்சாகத் தொடங்கியபோதுதான், 'பம்பாய்' படத்தின் குழலிசையை நாம் ஒரு மனிதரோடு சேர்த்து நினைக்கக் கற்றுக்கொண்டோம். இப்போது உறையே இல்லாமற் போயிற்று; கைப்பேசித் திரையில் அந்தப் பெயர்களைத் தேடிப்பிடிப்பது எளிதன்று.

பெயர் என்பது வெறும் மரியாதை மட்டுமன்று; சோற்றுப் பிரச்சினையும் ஆகும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், பாடுபவர், வாசிப்பவர் முதலியோரின் உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. வணிக நோக்கில் தம் இசை பயன்படும்போது அவர்களுக்கு ராயல்டி உண்டு என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. ஆனால் அதே திருத்தத்தில் ஒரு விலக்கும் புகுந்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ சில்லறையாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்குமே குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவரைக் கலைஞராகவே கொள்ள வேண்டியதில்லை. தம் இசையைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. வயலின் வாசித்தவரின் பங்கு சில்லறைப் பங்கா என்று வாதாடலாம்தான். பெயர் இல்லாதவருக்கோ வாதம் பாதி தோற்றுவிட்டது.

இனி நமது விழாவுக்கு வருவோம். கணினி நின்றது ஒரு விபத்து. அதை வைத்து நாம் முடிவுக்கு வரவில்லை. மிருதங்கப் பெரியவர் பின்னர் சொன்ன ஒன்றுதான் நம் மனத்தை மாற்றிற்று. "பையன் மேல் ஸ்தாயியில் கஷ்டப்பட்டானே, கவனித்தீர்களா? அந்தப் பதிவின் சுருதி எவரோ ஒருவருடைய தொண்டைக்கு வைத்தது. இவனுக்கு இது குரல் உடையும் வயது. அவன் தொண்டைக்குப் பாட்டை இறக்கியிருக்க வேண்டும்" என்றார். பொத்தானை அழுத்தினால் கரோக்கியிலும் சுருதியை இறக்கலாம். இறக்கவேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே! பக்கத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பார். பாடுபவன் மூச்சு வாங்கினால் தபலாக்காரர் அரை மாத்திரை பொறுத்து அடிப்பார். வரி மறந்தால் வயலின்காரர் இன்னொரு முறை இடையிசையைச் சுற்றிக்கொண்டு வருவார். பதிவு எவருக்காகவும் பொறுப்பதில்லை. வித்தியாசம் கேட்பவருக்குத் தெரியுமா என்று கேட்ட அன்பருக்கு நம் விடை இதுதான். கேட்பவருக்குத் தெரியாமலும் போகலாம். பாடுகிற குழந்தைக்குத் தெரியும்.

நம் வீடுகளில் கீபோர்டு வாங்கிக் கொடுக்கப்படுகிறது. தாளத்துக்கு ஒரு பொத்தான், பக்கவாத்தியத்துக்கு ஒரு பொத்தான். குழந்தை மூன்றாம் மாதமே கைப்பேசியில் படமெடுக்கத் தகுதியாகிவிடுகிறது. பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. காலையில் ஏழு மணி வண்டியைப் பிடித்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் குடும்பத்தில், சரளிவரிசையை உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்? நம் வீட்டிலும் அதே கதைதான்.

செயற்குழு நெடுநேரம் விவாதித்து ஒரு நடுவழி கண்டது. முழுக் குழுவை அழைக்க நிதி இல்லை. ஆர்மோனியம் ஒருவர், தபலா ஒருவர், வயலின் ஒருவர் என மூவரை மட்டும் அழைப்பது. பாடல்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பது. பாடும் சிறுவர் சிறுமியர் ஒத்திகைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவது. பாடல்கள் குறைவதில் சில பெற்றோருக்கு மனக்குறை உண்டு; தம் குழந்தைக்கு இடம் கிடைக்காதோ என்னும் கவலை. அது நியாயமே, அடுத்த விழாவில் விடுபட்டவர்களுக்கே முதலிடம் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறது.

அந்தச் சிறுவன் இப்போது ஞாயிறு தோறும் பெரியவர் வீட்டுக்குப் போகிறான். முதல் நாள் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாகப் பாடச் சொன்னாராம். இப்போதைக்கு மூன்று கட்டை. குரல் நிலைத்ததும் மறுபடியும் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கிறது. பாடுபவர் பெயர்களுக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், வாசிப்பவர் மூவரின் பெயர்களும் உள்ளன.